பெல்லாமோந்தி வரலாறும் முப்பத்தெட்டு வாசகர்களும்

அமெரிக்க அரசாங்கத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்கு கிரீன் கார்டு கொடுப்பதற்கு முன்னால், அவன் வேலையைச் செய்யத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கக் குடிமகன் ஒருவர்கூட இந்தப் பரந்த தேசத்தில் இல்லை என்று ஐயம் திரிபற உறுதி செய்துகொள்ளும். நியாயமான சட்டம்தான். நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே வாசியான பிச்சுமணிக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததில்லை, 1985 மார்ச்சில் அது தன் தலையிலேயே விடியும் வரை.

பிச்சுமணி திருச்சியில் பாய்லர் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். இங்கே, இத்தாலியிலிருந்து பெல்லாமோந்தி என்ற எஸ்பிரஸ்ஸோ மெஷினைத் தருவித்து விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயர். அந்த வருஷங்களில் எஸ்பிரஸ்ஸோ பைத்தியம் ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் பித்தளைக் கலசம் வைத்த பெல்லாமோந்தி இல்லாத வீட்டை ஒரு வீடாகவே யாரும் மதிக்கவில்லை. நம் ஜனங்களும் வாங்கினார்கள். ஹாலில் நடுநாயகமாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு, உள்ளே போய் ஃபில்டரில் இறங்கிய டிகாக்ஷனில் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நவம்பரில் விசா முடிகிறது. அதற்குள் கார்டு கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவி விசாலாக்ஷியோ, கார்டு வந்தாகிவிட்டது என்று மாம்பலத்து அக்காவுக்குப் போன வருஷமே எழுதிவிட்டாள். ஆகவே திரும்பிப் போகிற பேச்சுக்கே இடமில்லை.

வக்கீல் பேக்கர் சொன்னார்: "மெஷின் ரிப்பேர் பண்ண ஆயிரம் அமெரிக்கர்கள் வருவார்கள். உமக்கு மட்டும் தெரிந்தது, இந்த நாட்டில் வேறு யாருக்கும் தெரியாதது, ஏதாவது உண்டா?"

பிச்சுமணி யோசித்தார். வடை கட்டி வந்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் எறிவது அவர் சுபாவம். மெஷின் பெட்டிக்குள் வரும் விளம்பரத் தாளை மட்டும் விட்டுவிடுவாரா?

"பெல்லாமோந்தி கம்பெனியோட ஹிஸ்டரி தெரியும் சார்."

"முழு ஹிஸ்டரியுமா?"

"மொத்தமே நாலு பக்கம்தான் சார்."

பேக்கர் எழுந்து வந்து கை குலுக்கினார். மறுவாரம் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. 'சர்வீஸ் இன்ஜினீயர் தேவை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்திருந்தால் நலம். பெல்லாமோந்தி நிறுவனத்தின் வரலாற்றை, தோன்றிய நாள் தொட்டு இன்று வரை, பிழையற அறிந்திருத்தல் கட்டாயம்.' முப்பது நாள் ஓடின. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. விசாலாக்ஷி பாயசம் வைத்தாள்.

ஆனால் அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று சான்றளிக்கும் அரசாங்க அலுவலகத்தில் மிஸஸ் டோனெல்லி என்ற அம்மாள் இருந்தார். நல்ல மனுஷி. யாரிடமும் அவருக்கு விரோதம் கிடையாது, விதிகளைத் தவிர வேறெதிலும் பாசமும் கிடையாது.

"இந்த வரலாறு உங்களுக்குத் தெரியும் என்பது அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"சொல்றேனே மேடம், கேளுங்கோ."

"அரசாங்கத்துக்குக் காது கிடையாது, மிஸ்டர் பிச்சுமணி. எழுத்தில் வேண்டும். நாலு பக்கமெல்லாம் நிபுணத்துவம் ஆகாது. இருநூறு பக்கத்துக்குக் குறையாமல்."

பிச்சுமணி இத்தாலிக்கு எழுதிப்போட்டார். கம்பெனியிலிருந்து பதில் வந்தது. 'எங்கள் ஸ்தாபகர் முடிதிருத்தும் கடைகளுக்கு வெந்நீர் பாய்லர் செய்துவந்தார். ஒரு நாள் அதில் காபித் தூளைப் போட்டுப் பார்த்தார். பாய்லரில் மூடியின் பங்கு பெரிதா குழாயின் பங்கு பெரிதா என்ற தகராறில் மைத்துனர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பதினேழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.'

இதை வைத்துக்கொண்டு இருநூறு பக்கம் எழுத எல்லோராலும் ஆகாது. பேனாவை எடுத்ததும் பிச்சுமணியின் கை தானாகத் தலபுராணத்தின் வழியில் போயிற்று. நகரச் சிறப்பு, நதிச் சிறப்பு, ஸ்தாபகரின் அவதாரம், நீராவி அவருக்குக் காட்சி கொடுத்தது, மைத்துனர் அகந்தை கொண்டது, அகந்தை அடங்கியது, பலசுருதி என்று இங்கிலீஷில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. மைத்துனர் திரும்பி வரும் கட்டத்தை எழுதும்போது அவருக்கே கண் கலங்கிற்று. பாய்லரில் பாதி ஆயுளைக் கழித்த மனுஷருக்குள் இப்படி ஒரு எழுத்தாளன் ஒளிந்திருந்தது அவருக்கே தெரியாது. கிரீன் கார்டு வராவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. விசாலாக்ஷியின் அக்கா ஞாபகம் வந்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டார்.

மிஸஸ் டோனெல்லி புத்தகத்தைக் கையில் வாங்கி, எடை பார்த்து, திருப்தி அடைந்தார். பிறகு முகம் சுருங்கிற்று.

"இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதுவரை இந்த அறிவு உங்களிடம் மட்டும் இருந்தது. இப்போது புத்தகமாகிவிட்டது. எந்த அமெரிக்கரும் இரண்டு நாளில் படித்து உங்கள் வேலைக்குத் தகுதி பெற்றுவிடலாம். ஆகவே விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டியிருக்கும்."

"நீங்க எழுதச் சொன்னதாலதானே எழுதினேன்?"

"எழுதாவிட்டாலும் நிராகரித்திருப்பேன். ஒன்று செய்யலாம். அறுபது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். எடுக்கிறவர்கள் பெயரும் குடியுரிமையும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இதைப் படித்து எந்தக் குடிமகனும் தேர்ச்சி பெறவில்லை என்றால் சான்று தருகிறேன்."

ஐம்பது பிரதி அச்சானது. அட்டையில் கலசத்தோடு மெஷின் பளபளவென்று நின்றது. நூலகத்தில் வைத்த பிரதிகளை ஒருவர்கூடத் தொடவில்லை. பிச்சுமணிக்குப் பாதி நிம்மதி, பாதி வருத்தம். இங்கே வக்கீல் ஒரு தப்புப் பண்ணினார். "நம் நேர்மை விளங்க வேண்டும், உங்கள் சமூகத்திலும் வையுங்கள்" என்றார். தமிழ்ச் சங்கத்தின் ஆடிப்பெருக்கு பிக்னிக்கில், புளியோதரைக்குப் பக்கத்து மேஜையில் வைத்தார்கள். இலவசம் என்று தெரிந்த இருபதாவது நிமிஷம் மேஜை காலி. கையெழுத்துப் போட்டவர்களில் முப்பத்தெட்டுப் பேர் அமெரிக்கக் குடிமக்கள்.

அன்று மாலையே முதல் போன் வந்தது. டாக்டர் சிவராமகிருஷ்ணன், சங்கத்தின் தலைவர். "பிச்சுமணி, மாஸ்டர்பீஸ்யா. ஒரே மூச்சுல படிச்சு முடிச்சுட்டேன்."

பிச்சுமணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், ஒரு ஹெல்ப். கவர்ன்மென்ட்லேர்ந்து கேட்டா படிக்கலைன்னு சொல்லணும். இல்லேன்னா என் கார்டு போயிடும்."

"படிக்கலைன்னு நான் எப்படிச் சொல்றது? ஒரு டாக்டர், சங்கத்துக்கு பிரசிடென்ட். ஜனங்க என்ன நினைப்பா?"

முப்பத்தெட்டுப் பேருக்கும் போன் பண்ணினார். முப்பத்தெட்டுப் பேரும் படித்துவிட்டதாகச் சத்தியம் பண்ணினார்கள். இரண்டு பேர் இரண்டு தடவை படித்திருந்தார்கள். விசாலாக்ஷி பரணிலிருந்து சூட்கேஸை இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றினாள்.

அலுவலகம் தேர்வு வைத்தது. கேள்வித்தாளைப் பிச்சுமணியே தயாரிக்க வேண்டும். விடைகள் வெளியே கசியக் கூடாது என்பதால் அலுவலகத்துக்கும் தெரிவிக்கக் கூடாது. ஸ்தாபகர் முதலில் என்ன செய்தார்? மைத்துனர் ஏன் பிரிந்தார்? எத்தனை வருஷம் பேசவில்லை? மூன்றே கேள்விகள். தபாலில் பதில்கள் வந்து சேர்ந்ததும் மிஸஸ் டோனெல்லி பிச்சுமணியைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்களே திருத்துங்கள்" என்றார். "இந்த நாட்டில் சரியான விடை தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று உங்கள் விண்ணப்பமே சொல்கிறது."

பிச்சுமணி கட்டைப் பிரித்தார். முதல் கேள்விக்கு டாக்டர் 'கடின உழைப்பு' என்று எழுதியிருந்தார். மைத்துனர் பிரிந்ததற்கு ஒருவர் 'சொத்துத் தகராறு' என்றும், இன்னொருவர் 'இதை ஆசிரியர் மிக அழகாக விளக்கியுள்ளார்' என்றும் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தப்பு, தப்பு, தப்பு என்று போட்டுக்கொண்டே போனார். பேனா சந்தோஷமாக ஓடிற்று. நெஞ்சில் மட்டும் என்னவோ செய்தது. முப்பத்தேழு பேரில் ஒருவர்கூட அட்டையைத் தாண்டவில்லை.

கடைசித் தாள் ஸ்வர்ணா என்ற பெண்ணுடையது. மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட், போன வருஷம்தான் குடியுரிமை வாங்கியவள். முடிதிருத்தும் கடை வெந்நீர் பாய்லர். மூடியா குழாயா தகராறு. பதினேழு வருஷம். மூன்றும் சரி. கீழே பொடி எழுத்தில், 'மைத்துனர் திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் குழாயை மட்டும் துடைக்கிற இடத்தில் அழுதுவிட்டேன்' என்று எழுதியிருந்தாள்.

பிச்சுமணி அந்த வரியை மூன்று தடவை படித்தார். பிறக்கிற எழுத்தாளனுக்கெல்லாம் ஒரே ஒரு வாசகராவது உண்டு என்பார்கள். இதோ கையில் இருக்கிறாள்.

"சரியா, தவறா?" என்றார் மிஸஸ் டோனெல்லி, முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு.

பிச்சுமணி மனசைக் கல்லாக்கிக்கொண்டு, மூன்றுக்கும் தப்புப் போட்டார்.

உத்தரவு அன்றே தயாரானது. 'முப்பத்தெட்டுக் குடிமக்கள் மேற்படி நூலை முழுமையாகப் படித்ததாக உறுதிமொழி அளித்தும், அனைவரும் பூஜ்யம் பெற்றுள்ளனர். எனவே மேற்படி அறிவு, படிப்பதன் மூலம் அமெரிக்கக் குடிமக்களுக்கு ஏறக்கூடியது அன்று எனத் தீர்மானிக்கப்படுகிறது.' நவம்பருக்குள் கார்டு வந்துவிட்டது.

டாக்டர் வீட்டில் விருந்து. ஹாலில் பெல்லாமோந்தி நின்றது, அதன் மேல் புத்தகம் சாய்த்து வைத்திருந்தது. கையில் ஃபில்டர் காபியோடு டாக்டர் பேசினார். "எல்லா விடையும் எனக்குத் தெரியும். நம்ம பிச்சுமணிக்காக வேணும்னே தப்பா எழுதினேன்." உடனே ஆளுக்கு ஆள், தாங்களும் அப்படித்தான் என்றார்கள். பிச்சுமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முப்பத்தேழு தியாகிகளுக்கும் அவர் தனித்தனியாக நன்றி சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு ஸ்வர்ணா தயங்கித் தயங்கி வந்தாள்.

"சாரி அங்கிள். எல்லாரும் உங்களுக்காகத் தப்பா எழுதினாங்களாம். எனக்கு அது தோணவே இல்ல. நான் சரின்னு நினைச்சுதான் எழுதினேன். நல்லவேளை, மூணுமே தப்பாப் போச்சு. ஆனா பதினேழு வருஷம்னுதானே புக்ல போட்டிருந்தீங்க?"

பிச்சுமணி சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பரவாயில்லம்மா" என்றார், வாஞ்சையோடு. "இன்னொரு தடவை கவனமாப் படி."