துறைமுக வீதிச் சகுரா

தாவரவியல் என்னும் மாபெரும் துறைக்குத் திருகோணமலை ஆற்றிய தொண்டு இன்னும் உரிய முறையில் போற்றப்படவில்லை. ஒரு மரம் பூத்ததைக் கண்டு 'அழகாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகிற பாமரர் உலகம் முழுவதும் உண்டு. அதற்கு ஒரு குழு அமைத்து, இஞ்சித் தேநீரும் ரோல்சும் வைத்து ஆராய்ந்த பெருமை, துறைமுக வீதியிலுள்ள பொதுநிழல் மேம்பாட்டுத் திணைக்களத்தையே சாரும்.

பணிப்பாளர் குணரத்தினம் அவர்கள் பயிற்சிக்காக ஜப்பானுக்குப் போய், அங்கே வசந்தத்தில் சகுரா என்னும் செர்ரி மரங்கள் பூப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நமது மாவட்டத்தில் வெயில், மழை என்ற இரண்டுக்கும் மேலாக 'வசந்தம்' என்றொன்று இருப்பது அவர் திரும்பி வந்த பிறகுதான் அலுவலகத்தில் தெரியவந்தது. வந்த அன்று காலை வாகனத்திலிருந்து இறங்கியவர், மதிலோரம் இலையெல்லாம் கொட்டி, கொம்பெல்லாம் இளஞ்சிவப்பாய்ப் பூத்து நின்ற மரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"குலசிங்கம், சகுரா எங்கட வாசலிலேயே நிக்குது. நீங்கள் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

நிர்வாக உத்தியோகத்தர் குலசிங்கம் மரத்தைப் பார்த்தார். அது கிளிசரியா. மதில் கட்டுமுன் முள்ளுக்கம்பி வேலிக்குக் கதியாலாய் நட்ட தடி, வேர் பிடித்து வளர்ந்தது. அதே இன மரத்தின் குழையைத்தான் அன்று காலையும் பாலையூற்றில் தன் வீட்டு வேலியில் ஒடித்து ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார். வாய் திறந்தார். பிறகு வெருகல் ஞாபகம் வந்தது.

வெருகலில் ஒரு குறையும் இல்லை. ஆறு இருக்கிறது, முருகன் இருக்கிறார். மனைவி கமலேஸ்வரிதான் இல்லை. அங்குள்ள கிளைக் காரியாலயத்தில் தனியே சோறு வடித்துக் கஷ்டப்பட்டு, எத்தனையோ பேரைப் பிடித்து, இப்போதுதான் மனுஷன் ஊரோடு வந்து சேர்ந்திருக்கிறார். மகள் கீர்த்தனி அவரை விருந்தாளி மாதிரிப் பார்ப்பதை விட்டதே போன மாதந்தான்.

"ஓம் சேர்," என்றார் குலசிங்கம். "கவனிக்காமல் விட்டிட்டம்."

'மர அடையாளங்காணல் குழு' மறுநாளே கூடியது. திட்டமிடல் உத்தியோகத்தர் நப்லாவும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் றுவைஸும் உறுப்பினர்கள். குலசிங்கம் செயலாளர். மரம் யன்னலுக்கு வெளியேதான் நின்றது. ஆனால் ஏசி போட்டிருந்தபடியால் யன்னலையும் திரையையும் திறக்க ஏலாது என்று, மரத்தின் படத்தைச் சுவரில் பெரிதாக்கிப் போட்டுப் பார்த்தார்கள்.

"இது எங்கட உம்மா கிண்ணியாவில ஆட்டுக்கு..." என்று நப்லா தொடங்கினார்.

"ஆராவது மாற்றுக் கருத்து இருந்தாத் தைரியமாச் சொல்லலாம்," என்றார் பணிப்பாளர், மிகுந்த ஜனநாயகத்துடன். "வெருகலுக்கு ஒரு ஆள் வேணுமெண்டு நேற்றும் அங்கயிருந்து போனில கேட்டவங்கள். அது வேற கதை."

"...ஆட்டுக்குக் காட்டக்கூடாத அளவுக்கு வடிவான பூ, சேர்," என்று நப்லா முடித்தார்.

அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று றுவைஸ் கைப்பேசியோடு வெளியே போனார். படம் எடுத்தால் மரத்தின் பெயரைச் சொல்லும் செயலி அவரிடம் இருந்தது. முதல் படத்துக்கு அது 'கிளிசரியா' என்றது. செயலி பழசு என்று புதுப்பித்தார். பிறகும் கிளிசரியா. நப்லாவின் கைப்பேசியிலும் கிளிசரியா. கிட்டப் போய் எடுத்தபோது, திருகோணமலை வீதிகளில் வழக்கமாகத் திரியும் பிராணிகளில் ஒன்று கீழே விழுந்த பூவைத் தின்றுகொண்டு நிற்க, அதைப் பார்த்துப் 'புள்ளிமான்' என்றது. அன்றைய விடைகளில் எல்லாரும் வாய்விட்டு ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

கடைசியில் றுவைஸ் உள்ளே வந்து, திரையைக் கொஞ்சம் விலக்கி, தூசி படிந்த கண்ணாடிக்கூடாகக் கையை ஆட்டி ஆட்டி ஒரு படம் எடுத்தார். 'சகுராவாக இருக்கலாம்' என்றது செயலி. இயந்திரத்துக்கே பொறுமை போயிருக்கும். கூட்டறிக்கை எழுதிய குலசிங்கம் 'இருக்கலாம்' என்பதை மட்டும் நீக்கினார். கீர்த்தனியை நினைத்துக்கொண்டு எழுதி முடித்தார்.

மரத்தைச் சுற்றிச் சங்கிலி போட்டார்கள். பெயர்ப்பலகை நட்டார்கள். மாவட்டத்தில் எங்கும் இம்மரத்தின் கொப்பையோ குழையையோ ஒடிக்கக்கூடாது என்று சுற்றறிக்கை போனது. பிறகு பணிப்பாளர் குழுவை அழைத்துப் பாராட்டினார்.

"சரி, இந்த இனம் எங்கட மாவட்டத்தில ஆகக் கூட எங்க நிக்குது?"

நல்ல கேள்வி. உண்மையைச் சொன்னால் ஆபத்தில்லாத கேள்வி. இத்தனை நாளாக உண்மையை அடக்கி வைத்திருந்த றுவைஸ் பாய்ந்து விழுந்து பதில் சொன்னார்.

"வெருகல் பக்கம் சேர். வேலிக்கு வேலி நிக்குது."

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. "அப்ப சகுராப் பாதுகாப்புப் பிரிவு அங்கதான் இருக்கவேணும். பொறுப்பா ஆரைப் போடுறது? இந்த மரத்தைப் பற்றிக் குலசிங்கத்தை விட ஆருக்குத் தெரியும்?"

அது உண்மை. குலசிங்கத்தால் மறுக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் அவர் பாலையூற்றுக்கு வந்தபோது, கமலேஸ்வரி கத்தியோடு வேலியடியில் நின்றாள். ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"வெட்டாதையும்," என்றார் குலசிங்கம். "அது சகுரா."

"இஞ்சருங்கோ, உங்களுக்கு வெயில் கியில் பட்டிட்டுதோ?"

அவர் படியில் குந்தி, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். திங்கட்கிழமை வெருகலில் பொறுப்பேற்க வேண்டும் என்பதைக் கடைசியாகச் சொன்னார். உள்ளே கீர்த்தனி புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

கமலேஸ்வரி கத்தியைக் கீழே போட்டாள். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"இவ்வளவு படிச்ச ஆக்கள் ஏசிக்குள்ள இருந்து கதைச்சிருக்கிறியள். ஒருத்தருக்குமே இந்த மரம் தெரியேல்லையோ?"

"எல்லாருக்கும் தெரியும்," என்றார் குலசிங்கம். "அதாலதான் ஏகமனதா முடிஞ்சது."