நாலே முக்கால் பாயின் கடற்படை

கடலே இல்லாத கள்ளக்குறிச்சியில் சொந்தமாகக் கடற்படை வைத்திருந்த ஒரே மனிதர் நாலே முக்கால் பாய்தான். பெயரைக் கேட்டு ஆள் குள்ளம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறடிக்கு மேல் ஒரு இஞ்ச். அவர் கடைக்குள் நுழையும்போது மேலே தொங்கும் ஹோஸ் சுருள் அத்தனையும் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்யும்.

தொழில், பைப் கடை. அதற்கு மேல் மாடியில், வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் ஆபீசில் நான் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தேன். இது நடந்து சில வருஷம்தான் ஆகிறது. ஒரு நாள் டீ குடிக்க இறங்கியபோது, ஒரு விவசாயியை அவர் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது, மோட்டார்கிட்ட ரெண்டு இஞ்ச், வரப்புல ரெண்டரை, தொட்டிகிட்ட ஒண்ணரை? ஒரே கொல்லைல மூணு சைசா? உலகத்துல பாதி சண்டை சைசு சேராததாலதாங்க வருது."

விவசாயி கேட்டது சேராத இரண்டு பைப்பைச் சேர்க்கும் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். அவருக்குக் கிடைத்தது உலகப் போர் வரலாறு. ஒரே கடற்படையில் நாலு இஞ்ச் பீரங்கி, அஞ்சு இஞ்ச் பீரங்கி, ஆறு இஞ்ச் பீரங்கி என்று ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டால் சண்டை நேரத்தில் எந்தக் குண்டை எங்கே தேடுவது என்று பாய் கேட்க, அந்த மனிதர் பாவம், "எனக்கு தெரியாதுங்க, நான் எலவனாசூர்கோட்டைங்க" என்று சொல்லிவிட்டு பஸ்சுக்கு ஓடினார்.

விஷயம் இதுதான். இணையத்தில் கற்பனைக் கப்பல் கட்டுகிறவர்களின் குழு ஒன்று உண்டு; பாய் அதில் உறுப்பினர். இரண்டு உலகப் போருக்கும் நடுவே இருந்ததாக ஒரு நாட்டைக் கற்பனை செய்து, அதற்கு டெஸ்ட்ராயர் என்கிற போர்க்கப்பல் வடிவமைக்க வேண்டும். எடை ஆயிரத்து ஐநூறு டன்னைத் தாண்டக் கூடாது. பாயின் நாடு கல்வராயன் மலை. மலைக்கு ஏது கடல் என்று கேட்டால், "கற்பனைல இன்னாத்துக்கு கஞ்சத்தனம்?" என்பார். டெஸ்ட்ராயரை நம் தமிழில் நாசகாரி என்பார்கள். அந்தச் சொல்லை மட்டும் கடைக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது. வியாபாரம் நடக்கிற இடமாம்.

கல்வராயன் கடற்படையின் டெஸ்ட்ராயர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பீரங்கிதான், நாலு புள்ளி ஏழு இஞ்ச். ஊர் அதை நாலே முக்காலாக்கி அவர் தலையிலேயே கட்டிவிட்டது. ஏன் அந்த அளவு என்றால் அதற்கும் ஆராய்ச்சி உண்டு. அந்தக் குண்டு அரை மூட்டை யூரியா கனம். கடையில் சரக்கு இறக்கும் கலியனை விட்டு அரை மூட்டையைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொல்லி, கையில் கடிகாரத்தோடு நின்றார். நிமிஷத்துக்குப் பத்து தடவை என்று கணக்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வெயிட்டு வெச்சு பாப்பமா கலியா?"

"எதிரியாண்ட சமாதானமா போயிடலாம் பாய்" என்றான் கலியன். அன்றோடு ஆராய்ச்சி முடிந்து நாலு புள்ளி ஏழு சட்டமானது.

இத்தனைக்கும் மனிதர் கடலைப் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் வாந்தி. உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதில்லை. கேட்டால், "கப்பல்ல பாதி பேருக்கு அதாம்பா வேலை. நான் பஸ்லயே பழகிக்கினு இருக்கேன்" என்பார்.

குழு அவருடைய இரண்டு கப்பல்களை ஏற்கெனவே தள்ளிவிட்டது. மூன்றாவதும் தள்ளுபடியானால் ஆளையே நீக்கிவிடுவார்கள். படமும் வேண்டும், அந்தப் படத்தின்படி மாதிரி செய்து தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கும் வீடியோவும் வேண்டும். முகம் தொங்கிப்போய் மாடியேறி வந்தார், கையில் ஒரு கிராஃப் நோட்டு.

"குமரேசா, நீ வரைஞ்சு குடுத்தா மெதக்கும்பா."

எங்கள் ஆபீஸ் முதலாளி நோட்டைப் புரட்டிவிட்டு, "வாசல் எந்தப் பக்கம் பாய்? சமையல் ரூம் அக்னி மூலையில வரணுமே" என்றார்.

"கப்பல் திரும்பினா மூலையும் திரும்புமேங்க" என்றார் பாய். முதலாளி அன்று முழுக்க அதை யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு வாரம் வரைந்தேன். கப்பலுக்குத் தியாகதுருகம் என்று பெயர். எலவனாசூர்கோட்டை என்று எழுதினால் பின்பக்கம் இடம் போதவில்லை. பாய் படத்தைப் பார்த்தார், பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

"கப்பல்ல இருக்கற நூத்தி நாப்பது பேருக்கு குடிக்க தண்ணி வேணாமா? நான் மறந்தேன், நீ மறக்கல பாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தால் கப்பலின் உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பத்து வருஷப் பழக்கம்: எந்தப் படத்தை முடித்தாலும் மொட்டை மாடியில் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் கை ஓயும். அதுவும் வீட்டு பிளானில் வரும் அளவிலேயே, அதைவிடச் சுருக்கி வரைந்த கப்பலின் மேல் வைத்திருக்கிறேன். கப்பல் கணக்கில் ஒரு மாடி உயரத்துக்கு நிற்கிறது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பிளானில் உள்ளதைக் கேள்வி கேட்பது பாய்க்குப் பழக்கமில்லை. கொத்தனார் கொண்டுவரும் பிளானில் இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கிற வியாபாரம். அதே பக்தியோடு பெரிய பைப்பைப் பிளந்து அஞ்சடி நீளத்தில் கப்பல் செய்தார். பீரங்கி எல்லாம் அரை இஞ்ச் பைப் துண்டுகள், ஒன்றுக்கொன்று நூல் பிசகவில்லை. உச்சியில் என் தொட்டி. தண்ணீர்க் கனத்துக்கு ஈடாக அதற்குள் நட்டும் போல்ட்டும் நிரப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோமுகி அணைக்குப் போனோம். பாயின் மனைவி டிபன் கேரியரோடு வந்திருந்தார். கலியன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். நான் செல்போனில் வீடியோ எடுத்தேன். பாய் பிஸ்மில்லா சொல்லிக் கப்பலை விட்டார். அது ஒரு நொடி கம்பீரமாக நின்றது. பிறகு நிதானமாகச் சாய்ந்து, அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

கலியன்தான் பேசினான். "பாய், சப்மெரின்னு மாத்தி எழுதிக்கலாமா?"

பாய் கரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறடி மனிதர் மூன்றடியாகத் தெரிந்தார். "என் கணக்குதான் தப்பு. பீரங்கி ஜாஸ்தி. இனிமே என்னை சேத்துக்க மாட்டானுங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பாய், அந்தத் தொட்டி உங்க கணக்கே இல்லை. பழக்கதோஷத்துல நான் வெச்சது. தெரிஞ்சும் சொல்லலை."

அவர் என்னையே பார்த்தார். அடி விழும் என்று செல்போனை மார்போடு அணைத்துக்கொண்டேன். தோள்தான் முதலில் குலுங்கியது. அப்புறம் அணையே எதிரொலிக்கிற மாதிரி சிரித்தார். "கப்பலுக்கு மொட்டை மாடி டேங்கா" என்று சொல்லிச் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல" என்றபடி இட்லியை எடுத்து வைத்தார்.

தொட்டியைப் பிடுங்கி அணையில் வீச நான் போனேன். பாய் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருப்பா. மேல வெச்சா கவுக்குது. அதையே கீழ கட்டினா?"

கப்பலின் அடியில் கம்பி போட்டுக் கட்டினோம். தியாகதுருகம் நிமிர்ந்து நின்றது. கலியன் குதித்து அலை எழுப்பினான். ஆடியது, சாய்ந்தது, தானே நிமிர்ந்துகொண்டது. பாய் சட்டையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

படத்திலும் தொட்டியைக் கீழே மாற்றி வீடியோவோடு அனுப்பினோம், அந்த வாரமே குழு ஏற்றுக்கொண்டது. அடியில் இருப்பது என்ன என்று மட்டும் கேட்டார்களாம். பதிலை அந்தப் படத்திலேயே போடச் சொன்னார் பாய். தொட்டியின் பக்கத்தில் 'குமரேசன் டேங்க்' என்று எழுதச் சொன்னார்.

"வேணாம் பாய், மானம் போகும்."

"இனிமே நம்ம நேவில எல்லா கப்பலுக்கும் இது ஒண்ணு. ஸ்டாண்டர்டு."

நான் இப்போது வேறு ஊரில் வீடுகள் வரைகிறேன். கல்வராயன் கடற்படையில் பன்னிரண்டு கப்பல்கள் ஆகிவிட்டன. ஒவ்வொன்றின் படமும் என் செல்போனுக்கு வரும். பீரங்கியைப் பார்ப்பதற்கு முன் நான் அடியில்தான் பார்ப்பேன். நான் செய்த தப்பு அங்கே என் பெயரோடு இருக்கும். அதை அங்கே வைத்த மனிதரை நினைத்தால், இப்போதே பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போய்விடலாம் போல இருக்கும்.