திறப்புகளோடு கிடந்த பற்றறி

சமையலறையின் இழுப்பு லாச்சிக்குள், சாவி வளையத்தில் கோத்த வீட்டுத் திறப்புகளுக்கும் ஒரு பழைய கத்தரிக்கோலுக்கும் நடுவே, உறை கிழிந்த லிதியம் பற்றறி ஒன்று கிடந்தது. கார்த் திறப்பை எடுக்க நீட்டிய கையை யேசுரட்ணம் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஏதோ பற்றறி என்று லாச்சியை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அவரால் முடியாது. மார்க்கம் றோட்டில் இருக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்குள் போடும் பற்றறிகளை மெசினில் மாட்டி, கூட்டிக் கூட்டி மின்சாரத்தை இழுத்து, எங்கே சூடேறுகிறது, எங்கே சீறுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். உறை கிழிந்த பற்றறியில் ஒரு திறப்பு குறுக்கே முட்டினால் அது தீப்பற்றி வெடிப்பதை அவர் கண்ணால் கண்டவர்.

அடுப்புக் கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டார். மரக்கரண்டியால் பற்றறியை மெல்ல உருட்டி ஒரு பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் விழுத்தினார்.

"காலமை என்னத்தைப் பொரிக்கிறியள்?" மாடியிலிருந்து மனைவி வேரோனிக்காவின் குரல் கேட்டது.

"ஒண்டுமில்லை. திறப்பு எடுக்கிறன்."

வீட்டில் மூன்று பேர்தான். அவர் புகைப்பதில்லை. வேரோனிக்கா, கோயிலில் வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்தை முன்னின்று நடத்துகிறவள். மிச்சம் இருப்பது மகள் ஸ்டெபனி. இருபத்திரண்டு வயது. கொலிஜில் ஏதோ ஆஸ்பத்திரி வேலைக்கான படிப்பு.

கேட்டிருக்கலாம். ஆனால் மகளோடு கடைசியாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது எப்போது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. "சாப்பிட்டியோ?" என்று இவர் கேட்பார். "ஓம்" என்பாள். "பஸ் நேரத்துக்கு வந்ததோ?" என்பார். அதற்கும் "ஓம்." அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். அப்படிப்பட்டவர் திடீரென்று போய் "நீ வேப் பிடிக்கிறியோ?" என்று கேட்பதா?

டப்பாவை வேலைக்குக் கொண்டுபோனார். மதிய இடைவேளையில் ஒருவருக்கும் தெரியாமல் மெசினில் மாட்டினார். முப்பத்தைந்து ஆம்ப் தாங்கும் என்று உறையில் பெரிதாகப் போட்டிருந்தது. பதினைந்து இழுப்பதற்குள் சூடு எண்பது பாகையைத் தாண்டியது. மெசினை உடனே நிறுத்தினார். பதினொரு வருடத்தில் இப்படி எத்தனையோ பற்றறிகளுக்கு 'தவறியது' என்று எழுதியிருக்கிறார். அதில் ஒன்றையும் தன் பிள்ளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் நல்ல பற்றறி ஒன்றை வாங்கி, தானே சோதித்து, மூடியுள்ள சின்னப் பெட்டிக்குள் போட்டு லாச்சியில் வைத்தார். ஒளித்துப் பிடிக்கிறவள் எப்படியும் பிடிப்பாள். வெடிக்காமலாவது பிடிக்கட்டும். பிறகு ஆறுதலாகக் கதைத்து விடவைக்கலாம். அந்தப் பிறகு எப்போது வரும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தார். நல்ல பற்றறியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் வேறு இரண்டு பற்றறிகள். இரண்டும் பிசுபிசுத்தன. வேப் திரவத்தின் மாம்பழ வாசம் வேறு.

"இரண்டு போடுற பெரிய சாமானுக்கு மாறியிட்டாள்," என்று தனக்குள் முனகிக்கொண்டார்.

அவற்றையும் சோதித்தார். ஒன்று பழைய பற்றறிக்குப் புது உறை போட்டது. மற்றது சோதனையே தேவையில்லாமல் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. சோடி பிசகாத புதுப் பற்றறிகள் இரண்டை வாங்கி வைத்தார்.

அடுத்த கிழமை பெட்டி மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. புதுச் சோடியைக் காணவில்லை; பதிலுக்கு வேறு நாலு.

யேசுரட்ணம் எண்ணிப் பார்த்தார். ஒரு பிள்ளை, ஒரு நெஞ்சு, நாலு பற்றறி. நல்லதாக வாங்கி வைத்து அவளுடைய பழக்கத்தைத் தானே ஊதி வளர்த்துவிட்டோமோ?

நாலையும் ஒரே நேரத்தில் மாட்டியதில்தான் பிடிபட்டார். மேற்பார்வையாளன் அன்ட்ரூ பின்னால் வந்து நின்றான். அவர் குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெடியன். மரியாதை தெரிந்தவன்.

"அங்கிள், உது எந்தக் கொம்பனியின்ர? லிஸ்ற்றிலை இல்லையே."

மகளைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "என்ர," என்றார்.

"உங்கடையோ? நாலும்?"

"ஓம். கொஞ்சம் கூடத்தான்."

அன்ட்ரூ பற்றறிகளைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். கோபிக்கவில்லை. வீட்டுப் பற்றறியை இனி மெசினில் போடவேண்டாம் என்று மட்டும் சொன்னான். போகும்போது, வேப்பை விடுவது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகத்தை அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் தானே வைத்துவிட்டுப் போனான்.

அந்தப் புத்தகத்தை ஸ்டெபனிதான் கண்டெடுத்தாள். பின்னேரம் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுத்தவள், குசினி நடுவில் அப்படியே நின்றாள்.

"அப்பா, வட் இஸ் திஸ்? உங்கட பையெல்லாம் மாங்கோ மணக்குது!"

அடுப்படியில் சொதியைக் கலக்கிக்கொண்டிருந்த வேரோனிக்காவின் கரண்டி நின்றது. யேசுரட்ணம் மகளைப் பார்த்தார். என்ன துணிவு! எவ்வளவு அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள்! ஆனால் இந்த இடத்தில் உண்மையைச் சொன்னால், தாயின் முன்னால் பிள்ளை கூனிக்குறுகிப் போவாள்.

"என்ரதான்," என்றார். "நான்தான் பிடிக்கிறன். லாச்சிக்குள்ளை கிடந்ததும் என்ரதான்."

வேரோனிக்கா திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அழுதாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

"நீர் அழாதையும். விட்டிடுவன்."

"உங்களைப் போல ஒரு மனுசன் ஆருக்குக் கிடைக்கும்," என்று சொல்லிவிட்டு இன்னும் அழுதாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு, சொல்லாமலே, கணவாய்க் கறி வைத்தாள். இத்தனை வருடம் செபம் செய்து மனம் எவ்வளவு கனிந்துவிட்டது என்று அவர் அதிசயித்தார்.

ஸ்டெபனி கனியவில்லை. மறுநாள் பின்னேரமே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து கதவடியில் நின்றாள்.

"வாங்கோ, நடப்பம். டெய்லி நாப்பது நிமிஷம். நோ எக்ஸ்கியூசஸ்."

மோர்னிங்சைட் பூங்காவின் ஓடைக்கரையில் தகப்பனும் மகளும் நடந்தார்கள். முதல் நாள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாம் நாள் அவள் அவரை மூச்சை இழுத்து விடச் சொல்லி எண்ணினாள். நாலாம் நாள் கொலிஜின் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் ஒரு வயதானவருக்கு மாஸ்க் மாட்டப் போய், அவர் அவளுடைய கையைக் கடித்த கதையைச் சொன்னாள். யேசுரட்ணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய சிரிப்பை முதன்முதலாகக் கேட்பவள் போல அவள் திரும்பிப் பார்த்தாள். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு ஓடிவர வேண்டும் போல அவருக்கு இருந்தது. செய்யாத குற்றத்துக்கு இவ்வளவு நல்ல தண்டனையா?

"உங்களுக்குப் பிடிச்சது, பிடிக்காதது ஒண்டும் எனக்குத் தெரியாது அப்பா," என்றாள் ஒருநாள். "அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை 'என்ரதான்' எண்டு சொன்னீங்கள். அது எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்கு விளங்கினது."

அந்த வார்த்தை அவரைக் குத்தியது. பொய்யைச் சொல்லி மகளிடம் மதிப்பு வாங்கிக்கொண்டு நடப்பது அந்தரமாக இருந்தது. பாலத்துக்கு நடுவில் நின்றார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. அந்த வேப் பற்றறியள் உன்ரதானே?"

ஸ்டெபனி வாயைப் பிளந்தாள். பிறகு பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள்.

"அப்பா! நான் படிக்கிறதே லங்ஸைப் பற்றித்தான்! மூச்சு விட ஏலாத ஆக்களுக்கு வைத்தியம் பாக்கிற படிப்பு. மூண்டு வருஷமாய்ப் படிக்கிறன். உங்களுக்கு உண்மையாய்த் தெரியாதோ?"

தெரியாது. கேட்டிருந்தால் அவள் என்றைக்கோ சொல்லியிருப்பாள்.

"அப்ப எனக்காகத்தான் உங்கட எண்டு சொன்னீங்களோ?" அவளுடைய சிரிப்பு மெல்ல அடங்கியது. அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். "சரி. உங்கடையும் இல்லை, என்ரையும் இல்லை. அப்ப ஆற்ற?"

அந்தக் கிழமை முழுவதும் யேசுரட்ணம் யோசித்தார். வேலைக்கூடத்துப் பற்றறி கோட்டுப் பைக்குள் வந்து விழுந்திருக்குமோ? முன்பு வீடு திருத்த வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனதோ? போட்டவர்கள் மூன்று தரம் திரும்ப வந்து போடுவார்களா? ஒன்றும் பொருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேநீருக்கு எல்லோரும் நின்றார்கள். செபக்கூட்டத்து அன்ரனெற் அன்ரி, எழுபது வயது, கையில் செபமாலையோடு அவரைத் தேடி வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவருடைய காதருகே குனிந்தார்.

"தம்பி, நீங்கள் வேரோனிக்காவிட்டைக் குடுத்துவிட்ட பற்றறி அவவின்ர வேப்பிலையும் என்ர வேப்பிலையும் அந்தமாதிரி நல்லாய் வேலை செய்யுது, இப்ப எங்கடை கூட்டத்திலை மிச்சம் ஆறு பேரும் தங்கடையையும் ஒருக்கால் பாத்துத் தரட்டாம்."