கட்டிலுக்கு அடியில் ஒரு கச்சேரி

உலகத்தில் கச்சேரி கேட்கிறவர்கள் உண்டு. கச்சேரியில் தூங்குகிறவர்களும் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. கச்சேரியைச் சுவரிலிருந்து உரித்து வீட்டுக்குக் கொண்டுபோகிற இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், பாருங்கள்.

ராயபுரத்தில் அவர் பெயர் அருள்நாதன். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர், கானாக் கச்சேரி போஸ்டர் நீங்கலாக. டீக்கடையில் நீங்கள் கிளாஸை வாயில் வைப்பதற்குள் உங்களைப் பிடித்துக்கொள்வார்.

"தொண்ணூத்தெட்டுல கொருக்குப்பேட்டைல நம்ம ஜாபர் பாடுனான் பாரு, கரண்டு பூட்ச்சு, மைக்கு செத்துட்ச்சு, அப்பவும் நிறுத்தலியே... அன்னிக்கு நீ வந்திருக்கணும் மாமு!"

வராதது நம் குற்றம்தான். என்ன செய்ய?

போஸ்டர் உரிக்க ஒரு முறை உண்டு. பசை ஈரமாக இருக்கும்போது உரித்தால் முழுசாக வரும். காய்ந்துவிட்டால் பாடகரின் மூக்கு சுவரோடு நின்றுவிடும். ஆகவே ஒட்டுகிற ஆள் பசை வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு முன்னே போக, இவர் ஒரு தெரு விட்டுப் பின்னே போவார். ஒன்று போதாதா? எப்படிப் போதும்! மலிவு அச்சு, ஒன்றில் ஜாபருக்கு மூக்கு நீலம், இன்னொன்றில் காது சிவப்பு. எதை விடுவது?

இரண்டாயிரத்து இரண்டில் காசிமேட்டில் ஜாபருக்குத் தனிக் கச்சேரி. கூட்டம் சேராவிட்டால் இனி மேடை கிடையாது என்று விழாக் கமிட்டி சொல்லிவிட்டது. சின்ன வயசுத் தோஸ்து ஆயிற்றே, அருள்நாதன் ஒட்டிய முப்பது போஸ்டரில் ஒன்றைக்கூடச் சுவரில் விடவில்லை. கச்சேரிக்கு வந்தது பதினோரு பேர், நாற்காலி போட்டவரையும் சேர்த்து.

"இன்னா நைனா, ஜனம் என்னை மறந்துட்ச்சா?" என்றான் ஜாபர், மேடையை விட்டு இறங்கி.

தேற்றத்தான் அருள்நாதன் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்து, "உன்னை யாரு மறந்தா? இத்தப் பாரு!" என்று ஒவ்வொன்றாக விரித்தார். முப்பது. பசை வாசனைகூடப் போகவில்லை.

"அடப்பாவி! எனக்கு வரவேண்டிய கூட்டம் உன் கட்டிலுக்கு அடியில படுத்துகினு கீதேடா!"

"ஆண்டவரே!" என்று தலையில் கைவைத்தார் அருள்நாதன். மறுநாள், பாதிரியாரிடம் செய்யவேண்டிய பாவசங்கீர்த்தனத்தைக் கமிட்டியிடமே போய்ச் செய்தார். சிரித்து முடித்த கமிட்டி இன்னொரு ஞாயிறு கொடுத்தது. பரிகாரம், அத்தனையையும் அவரே ஒட்ட வேண்டும்.

தேதியின்மேல் துண்டுக் காகிதம் ஒட்டி, வாளி தூக்கி, ஒட்டினார். நிற்க இடமில்லாத கூட்டம்! ஒட்டியது மட்டும் இருபத்தொன்பது. நீல மூக்கு... மனிதர்தானே.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பிடித்த புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, போன வாரம் என்னிடம், "இதை நீங்க படிச்சிருக்கணும்!" என்று சொன்னது யார்?