ஆரல்வாய்மொழி லைனில் கோளாறு

ஆரல்வாய்மொழி லைன் அன்றைக்கும் பச்சையாகவே இருந்தது. தாணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சவம், ஒரு நாளாவது சிவக்குதா பாரு!" என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

காற்றாலைகளைப் பராமரிக்கும் கம்பெனி அது. தலைமை அலுவலகம் நாகர்கோவிலில், கிளை ஆரல்வாய்மொழியில். இரண்டையும் ஓர் ஈதர்நெட் லைன் இணைத்தது. அந்த லைனை வாடகைக்குக் கொடுத்தது வேறொரு கம்பெனி. அவர்கள் வாக்குக் கொடுத்தபடி லைன் ஓடுகிறதா என்று காவல் காப்பதுதான் தாணுவின் உத்தியோகம். அவனுடைய கம்ப்யூட்டர் ஆரல்வாய்மொழிக்கு விடாமல் ஒரு சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். வைத்த நேர எல்லைக்குள் வந்தால் திரையில் பச்சை. பிந்தினாலோ வழியில் தொலைந்தாலோ சிவப்பு. சிவந்தால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த ஆளாகத் தான் போக வேண்டும் என்பதுதான் தாணுவின் ஆசை. ஏனென்றால் ஆரல்வாய்மொழிக் கிளையில் வேலை பார்ப்பது அவன் பெண்டாட்டி உலகம்மை.

உலகம்மை இப்போது கோபித்துக்கொண்டு தோவாளையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எல்லாம் அந்த அண்ணன் மகளின் காதுகுத்துச் சாப்பாட்டில் வந்த வினை. தாணு அடைப் பிரதமன் பாயசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "அடை வேகல்லியே ஓய்!" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டான். நாஞ்சில் நாட்டில் ஒருத்தன் ஜாதகத்தைப் பழிக்கலாம், அவன் வயலைப் பழிக்கலாம். அவன் வீட்டுப் பிரதமனைப் பழிக்கலாமா? அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. உலகம்மை புருஷனோடு வீடு திரும்பவே இல்லை.

போன் பண்ணி "தப்பாப் போச்சு" என்று சொல்ல தாணுவுக்கு நாக்கு எழவில்லை. நேரில் முகத்தைப் பார்த்தால் தானாக வந்துவிடும் என்று நம்பினான். ஆனால் சும்மா போய் நின்றால் மானம் என்னாவது? ஆபீஸ் காரியமாகப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நாள் பூராவும் ஆரல்வாய்மொழிக்குச் சிக்னல் அனுப்புகிற மனுஷனுக்கு ஒரு போன் போடத் துப்பில்லை, பாருங்கள்!

ஆகவே, எவ்வளவு தாமதமானால் சிவப்பு என்று வைத்திருந்த எல்லையைக் கொஞ்சம் இறக்கினான். லைன் பளிச்சென்று சிவந்தது.

"சார்! ஆரல்வாய்மொழி லைன் போச்சு! நான் ஓடிப்போய்ப் பாத்துட்டு வாறேன்!"

மானேஜர் வைகுண்டராஜன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீரு எதுக்கு வே? லைன் குடுத்தவன் செத்தா போனான்? அவனை ஆள் அனுப்பச் சொல்லும்."

லைன் கம்பெனி லிஜோவை அனுப்பியது. லிஜோ பொல்லாத சிரத்தைக்காரன். கிளையில் லைன் வந்து சேரும் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுப்பெட்டி மாட்டினான். லைன் முன்னைவிட வேகமாக ஓடி, தாணு இறக்கிய எல்லையையும் ஜெயித்துப் பச்சையாகிவிட்டது.

"எப்படி சார், வழுக்கிக்கிட்டுப் போகுதுல்லா?" என்று போனில் கேட்டான் லிஜோ.

"போகுது, போகுது," என்றான் தாணு. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

மறுநாள் எல்லையை இன்னும் இறக்கினான். சிவந்தது. விசாரணை என்ற சாக்கில் துணிந்து கிளைக்கே போன் போட்டான்.

"ஹெட் ஆபீஸ் தாணு பேசுகேன்."

"சொல்லுங்கோ சார்," என்றாள் உலகம்மை.

அந்த 'சார்' அவன் நெஞ்சில் தைத்தது. "அங்க... லைன் எப்படி இருக்கு?"

"லைனுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"இல்ல, இங்கேருந்து அனுப்புகது ஒண்ணும் ஒழுங்காத் திரும்பி வரமாட்டேங்கு."

"அனுப்புகவங்க முதல்ல ஒழுங்கா அனுப்பணும் சார்," என்றாள்.

'சாப்பிட்டியா பிள்ளே?' என்று கேட்க அவன் வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். அன்றைக்குத் தாணுவுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குள் வைகுண்டராஜன் லைன் கம்பெனியின் மேலதிகாரியைப் பிடித்து உலுக்கிவிட்டார். அவர்கள் பயந்துபோய் இரண்டாவது லைனும் இழுத்து, இரண்டாவது பெட்டியும் வைத்தார்கள். ஒன்று போனால் மற்றது தாங்கிக்கொள்ளுமாம்.

"இனி பிரளயமே வந்தாலும் லைன் போகாது வே!" என்று தாணுவின் முதுகில் தட்டினார் மானேஜர்.

தாணு விடவில்லை. எல்லையை அடிமட்டத்துக்கு இறக்கினான். இரண்டும் சிவந்தன.

வைகுண்டராஜனுக்குப் பொறுமை போயிற்று. "பெட்டி மாத்தியாச்சு, லைன் மாத்தியாச்சு. மாத்தாதது அங்க இருக்கப்பட்ட ஆளைத்தான். உம்ம வீட்டுக்காரியா இருந்தாலும் சொல்லுகேன், அவங்களுக்கு அந்தச் சாதனத்தைக் கையாளத் தெரியல்ல. கயத்தாறு ஆபீசுக்கு மாத்திருகேன்."

கயத்தாறு! திருநெல்வேலியும் தாண்டி! தோவாளையிலிருந்தே அழைத்துவர வக்கில்லாதவன் அவளை அங்கிருந்து எப்படி அழைத்துவருவான்?

"அய்யோ சார், வேண்டாம்! லைன்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் எல்லையை இறக்கி வச்சேன். அவளைப் போய்ப் பாக்கதுக்கு ஒரு சாக்கு வேணும்னு..."

வைகுண்டராஜன் வாய் பிளந்தார். தாணு மடமடவென்று எல்லையைப் பழைய இடத்துக்கு ஏற்றினான். இரண்டு லைனும் பச்சைப்பசேல் என்று ஆயின.

"பாத்தேளா சார்?"

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் ஒன்றாகச் சிவந்தன.

"இது என்ன வே?"

"சார், சத்தியமாட்டு நான் தொடல்ல!"

கிளைக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உலகம்மையின் செல்போனுக்குப் போட்டான். அணைந்து கிடந்தது. ஆரல்வாய்மொழியில் காற்றுக்காலம். கூரை பறக்கும், மரம் சாயும்.

"நின்னு முழிக்காதேயும் வே, ஓடும்!" என்றார் வைகுண்டராஜன். இப்போது அவர் குரலில் கோபம் இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் தாணு. அடை வேகாவிட்டால் என்ன, விழுங்கித் தொலைத்திருக்கலாமே! இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்திருக்கலாமே! 'தாணுமாலயா, அவளுக்கு ஒண்ணும் ஆயிரப்படாது. அவ அண்ணன் காலிலேயே விழுகேன். அவ இல்லாத வீடு எனக்கு வீடே இல்ல' என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

கிளையின் கூரை இருந்த இடத்தில் இருந்தது. மரம் எதுவும் சாயவில்லை. அறை மட்டும் பூட்டிக் கிடந்தது. வாசலில் காவலாளி மரியான் வறுத்த கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"உலகம்மை எங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டான் தாணு.

"மேடம் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறியாச்சே! ரெண்டு பெட்டியும் கெட்டுப்போச்சு, ஹெட் ஆபீஸ்ல தாணு சார்கிட்டக் காட்டணும்னு சொல்லி, கழத்திப் பையில போட்டுட்டுப் போனாவ."

"ரெண்டு பெட்டியுமா? ஒரே நேரத்திலயா?"

மரியான் உள்ளங்கையில் இருந்த கடலைத் தோலை ஊதினார். "என்னத்தைக் கெட்டுச்சோ, அவிய கழத்துகது வரைக்கும் ரெண்டும் பச்சை வெளிச்சம் மின்னிக்கிட்டுல்லா கெடந்தது! சரி, அது உங்க ஆபீஸ் காரியம். எனக்கு மனசிலாகாதது ஒண்ணே ஒண்ணுதான் சார்: பெட்டி ரிப்பேருக்குப் போறவிய, உடுதுணி அம்புட்டையும் சூட்கேசில அடைச்சு எதுக்குக் கொண்டுபோணும்?"