எனக்கு யாருமே இருக்கவில்லை

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் தன் வாழ்க்கைக் கதையை மேடையில் சொல்லக் கூடாது. சொல்லியே தீர வேண்டுமென்றால் வேறு மாகாணத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை. காரணம் மிகச் சாதாரணமானது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த எங்கள் லயத்துக் காம்பராக்களுக்கு, அதாவது ஒற்றை அறை வீடுகளுக்கு, நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய், ‘இனி உங்கள் பாடு’ என்று நின்றுவிடும். முதலாவது காம்பராவில் ஒருவர் தும்மினால் ஆறாவது காம்பராவிலிருந்து ‘நூறு வயசு’ என்று பதில் வரும். அப்படிப்பட்ட இடத்தில் பத்தொன்பது வருடம் வளர்ந்துவிட்டு, அதே சனத்துக்கு முன்னால் நின்று, அவர்களுக்குத் தெரியாத ஒரு வாழ்க்கையை நான் வாழ்ந்ததாகச் சொல்லப் போனேன். (புத்தி எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். அன்றைக்குக் கோட் போட்டிருந்தேன்.)

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. மடுல்சீமைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து முதன்முதலாகக் கெம்பஸ் போய்ப் பட்டம் வாங்கியவன் நான்தான். பதுளையில் ஓர் அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். (எதை அபிவிருத்தி செய்தேன் என்பது இன்றுவரை எனக்கே வெளிச்சமில்லை.) அந்த வருடம் எங்களை மூன்று நாள் ‘ஆளுமை விருத்தி’ப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். டை கட்டிய ஒருவர் கொழும்பிலிருந்து வந்து, நாம் பட்ட கஷ்டத்தை நாலு பேருக்கு எப்படிச் சொல்வது என்று படிப்பித்தார். கதையின் நாயகன் தனியாக நிற்க வேண்டும், சுற்றிலும் இருட்டாக இருக்க வேண்டும் என்றார். எனக்கு அது வேத வாக்காகிவிட்டது. அதன்பின் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் என் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாவம் அவர்கள், இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போனார்கள்.

இந்த நேரம் பார்த்து நான் படித்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் அதிபர் கூப்பிட்டார். பரிசளிப்பு விழாவுக்கு நான் சிறப்பு விருந்தினராம். ‘கஷ்டங்கள் எனக்குக் கற்றுத் தந்த பாடங்கள்’ என்று பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொல்லாததை இப்போதாவது சொல்லித் தொலைக்கிறேன். அப்பா இறந்தபோது நான் ஆறாம் ஆண்டு. அம்மாவுக்கு இழுப்பு, மலை ஏற முடியாது. அக்கா கமலாவுக்குப் பதினோராம் ஆண்டு ஓ.எல். சோதனைக்கு நாலு மாதம் இருந்தது. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வருவது அவள்தான், நானில்லை. ஒரு திங்கட்கிழமை அவள் வெள்ளைச் சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அம்மாவின் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். கை பழகாத அந்த முதல் மாதங்களில் கொழுந்து நிறை காணாமல் அவளுக்கு அரைப் பேர்தான் விழுந்தது. அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. நான் கெம்பஸ் முடித்து வெளியே வந்தபோது அவள் இன்னும் அதே மலையில்தான் இருந்தாள்.

விழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் அக்கா போன் எடுத்தாள்.

“தம்பி, மேடையில என்னப் பத்தியும் ஏதாச்சும் சொல்லுவியா?”

“பாப்போம்க்கா.”

“பேரு சொல்லாட்டியும் பரவாயில்ல. ஒரு அக்கா இருந்துச்சின்னு சொன்னாப் போதும்.”

“சொல்றேன், சொல்றேன்.”

அக்கா தன் வாழ்க்கையில் என்னிடம் வாய் திறந்து கேட்டது அந்த ஒன்றுதான்.

சொல்லக்கூடாது என்று எனக்கு எண்ணமில்லை. எழுதி வைத்த பேச்சில் அக்காவுக்கு ஒரு முழுப் பந்தி இருந்தது. அதை அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் ஐந்து பேருக்குப் பேசிக் காட்டினேன். அக்கா சீருடையை மடித்து வைத்த இடம் வந்ததும் ஒரு மேடம் கண்ணைத் துடைத்தார். “ஐயோ, அந்த அக்கா பிறகு ஓ.எல். எழுதினாங்களா?” என்று கேட்டார். மற்ற நாலு பேரும் அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள், கை காலெல்லாம் சுகமா என்று விசாரித்தார்கள். நான் அங்கே பிளேன்டீயோடு சும்மா நின்றேன். கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவன் நான், அனுதாபம் முழுவதையும் அவள் அள்ளிக்கொண்டு போகிறாள். அன்று பின்னேரமே அந்தப் பந்தியை வெட்டினேன். நேரம் போதாது என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு கேவலமான ஒரு காரியத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை.

விழா நாளன்று பதுளையிலிருந்து பஸ் ஏறி, பசறையைத் தாண்டி, மீதித் தூரத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். கோட் அலுவலக நண்பருடையது. அவர் என்னைவிட இரண்டு மடங்கு. அதற்குள் நான் இருக்கிறேனா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆட்டோ ஏறமாட்டேன் என்று நின்ற இடத்திலிருந்து மழையில் நடந்ததில் சப்பாத்துக்குள் அட்டை ஏறிவிட்டது. மேடையில் உட்கார்ந்திருந்தபோது அது இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. குனிந்து பிடுங்கினால் மரியாதை போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா இரண்டாவது வரிசையில் இருந்தாள். கிளிப்பச்சையில் புதுச் சேலை. வேலைக்கு லீவு போட்டிருந்தாள். அவளோடு மலைக்குப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் எங்கள் அடுத்த காம்பராப் பாக்கியம் அத்தை.

நான் மைக்கைப் பிடித்தேன்.

“குப்பி லாம்பு வெளிச்சத்தில், கண்ணில் நீர் வடிய வடியப் படித்தேன்” என்று தொடங்கினேன்.

“லாம்பா? அப்பவே கரண்டு வந்துருச்சே தம்பி” என்றார் பாக்கியம் அத்தை, பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி. “நாங்க நாடகம் பாக்குறப்பெல்லாம் சத்தத்தக் கொறைங்கன்னு செவுத்தத் தட்டுவியே, மறந்துட்டியா?”

மண்டபம் சிரித்தது. நானும் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

“மழையிலும் பனியிலும் தினமும் ஆறு மைல் நடந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.”

“நடந்தாராம்” என்றார் பின்வரிசையில் இருந்த கொழுந்து லொறி டிரைவர் செல்லையா மாமா. “முன் சீட்டுல ஒக்கார வச்சில்ல கொண்டுபோனேன். ஒரு நாள் ஹோன் அடிக்க விடலேன்னு அழுதவன்தானே நீ.”

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அதிபரே கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த இடத்தில் எந்த மனிதனும் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்திருப்பான். நான் பயிற்சி பெற்றவன். குரலை இறக்கி, டை கட்டியவர் சொல்லித் தந்தபடி மூன்று நொடி அமைதி காத்துவிட்டுச் சொன்னேன்:

“எனக்கு யாருமே இருக்கவில்லை. கை பிடித்து நடத்த ஒருவர்கூட இருக்கவில்லை. தனியாக நின்றேன். தனியாக வென்றேன்.”

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. பாக்கியம் அத்தை வாயைத் திறந்தார், திறந்த வேகத்திலேயே மூடினார். மண்டபத்திலிருந்த அத்தனை தலையும் மெதுவாக இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பியது. அக்கா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அக்கா கை தட்டினாள். முதலில் தனி ஆளாகத் தட்டினாள். யாரும் சேராததைக் கண்டு பாக்கியம் அத்தையை முழங்கையால் இடித்தாள். அத்தை தட்டினார். அதன்பின் அந்தப் பன்னிரண்டு பெண்களும் தட்டினார்கள். தம்பி மேடையில் அசிங்கப்படக் கூடாது என்றுதான் அவள் தட்டுகிறாள் என்பது எனக்கு அங்கே நிற்கும்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் மீதியைப் பேசினேன். மனப்பாடம் செய்திருந்தேன், நிறுத்தத் தெரியவில்லை. கடைசிப் பாடம் என்ன தெரியுமா? ‘ஏற்றி விட்டவர்களை ஒருபோதும் மறக்காதீர்கள்.’ அதையும் சொன்னேன். நாசமாய்ப் போக.

விழா முடிந்து தேநீரும் பெட்டிஸும் கொடுத்தார்கள். அக்காவைக் காணவில்லை. லயத்துக்குப் போனேன். அக்கா புதுச் சேலையை மாற்றிவிட்டு, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டியா தம்பி?”

“அக்கா, அது வந்து, பேச்சுன்னா அப்படித்தான் சொல்லணும்னு எங்களுக்குப் பயிற்சியில...”

“நல்லாத்தான் பேசுன.”

“கோவமாக்கா?”

“கோவமெல்லாம் இல்ல.” துருவலை நிறுத்தவில்லை. “நாளைக்குப் பெரட்டுக்குப் போகணுமே, அதான் யோசனையா இருக்கு. லீவு கேக்கப் போனப்ப கணக்கப்புள்ளகிட்ட சொல்லிப்புட்டேன், தம்பி என்னப் பத்திப் பேசப்போகுதுன்னு. என்னா பேசுச்சின்னு கேட்டா என்னா சொல்றது?”

“நான் வந்து அவருகிட்டப் பேசுறேன்க்கா.”

“வேணாம் தம்பி. பேசுன வரைக்கும் போதும்.”

மறுநாள் நடந்ததைப் பாக்கியம் அத்தைதான் பிறகு எனக்குச் சொன்னார். பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடிநின்ற நேரம், கணக்கப்பிள்ளை கேட்டிருக்கிறார். “ரொம்ப நேரம் பேசுச்சுங்க, எனக்கே வெக்கமாப் போச்சு” என்று அக்கா சொல்லியிருக்கிறாள். விழாவுக்கு வந்த பன்னிரண்டு பேரும் சுற்றி நின்றார்களாம். ஒருத்திகூட வாய் திறக்கவில்லையாம். எங்கள் லயத்தின் சரித்திரத்தில் அத்தனை பேர் சேர்ந்து ஒரு விஷயத்தை மறைத்தது அதுதான் முதல் தடவை.

இது நடந்து ஆறு வருடமாகிறது. கஷ்டம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்கிறார்கள். என்னைப் படுத்தியதோடு சரி. மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அக்கா, “எதுக்கு தம்பி? நீ சாப்பிடு” என்று சோற்றைப் போட்டு என் வாயை அடைத்துவிட்டாள். ஆனால் குடும்பம் சும்மா விடுமா? என் மனைவி, “யாருமே இல்லாதவரே, குப்பை வண்டி வந்திருக்கு” என்றுதான் எழுப்புவாள். அக்காவின் மூத்த மகள் என் நம்பரை ‘யாருமில்லாத மாமா’ என்று போனில் போட்டிருக்கிறாள். கல்யாண வீடு, காது குத்து, எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தப் பேச்சு ஒரு தடவை அரங்கேறும். செல்லையா மாமா என்னைப் போலவே குரலை இறக்கிப் பேசிக் காட்டுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா மட்டும் அந்த நேரத்தில் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள். அதுதான் என்னைத் தின்றது. அவளும் சேர்ந்து சிரித்திருந்தால், திட்டியிருந்தால், நான் எப்போதோ நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போன வருடம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷனுக்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு கையில் அவளுடைய பை, மறு கையில் சுடுதண்ணீர்ப் போத்தல். வார்டில் சேர்க்கும் முன் நர்ஸ் ஒருவர் கார்டில் விவரம் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், வயது, விலாசம் எல்லாம் முடிந்தது.

“அவசரத்துக்குக் கூப்பிட உங்களுக்கு யார் இருக்காங்க?”

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

“எனக்கு யாருமே இல்லீங்க மிஸ்” என்றாள். குரலை நன்றாக இறக்கி, மூன்று நொடி விட்டு.

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அப்ப இவரு?”

“இவரு பேச்சாளரு.”

சொல்லிவிட்டு அக்கா சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றுவலியோடு, விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர்தான். ஆனால் நான் சிரிக்கவில்லை.

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நேரமாகுது, யார் பேரை எழுதுறது?” என்றார். நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

“எழுதிக்கலாம் மிஸ்” என்றாள். “கொஞ்ச நேரம் இவரு அப்படியே நிக்கட்டும்.”