விலை இறங்காத டப்பா

ஏழையாக இருப்பது சுலபம். அதை ஆபீசுக்கு நிரூபிப்பதுதான் பெரும்பாடு. வீட்டுத் திட்ட ஆபீஸ் இதற்காகவே ஓர் அபாரமான விதி செய்திருந்தது. வருஷா வருஷம் விலை இறங்கும் சாமான்களை மட்டுமே வைத்திருப்பவர் ஏழை. விலை இறங்காத சாமான் ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் அவர் சீமான்.

கேரளத்துச் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்து நாலு வருஷம் கொழுந்து கிள்ளிய சுருளியம்மாளுக்கு மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். அன்றைக்கே லயத்து அறையை, அதாவது எஸ்டேட் கொடுத்த தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும். திட்ட வீடு கிடைக்காவிட்டால் போக்கிடம் கிடையாது.

ஆபீசிலிருந்து சாமான் கணக்கெடுக்க வந்த ஜோமோன் சாருக்கு முதலில் பரம திருப்தி. டி.வி., கட்டில், மகன் மாரீஸ்வரனின் பைக் எல்லாமே விலை இறங்கிக் கிடந்தன. அப்புறம்தான் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா அவர் கண்ணில் பட்டது.

"இது எந்தா சேச்சி?"

"வீடியோ கேமாம் சார். மவன் வேலை பாக்குத ரிசார்ட்ல ஒரு டூரிஸ்ட்டு டிப்ஸுக்குப் பதிலா குடுத்தாராம். போட்டு விளையாட மிசினுக்கு எங்க போக? சும்மா கெடக்கு."

ஜோமோன் போனைத் தட்டினார். ஏழு வருஷம் முன்பு நாலாயிரத்து ஐந்நூறு. இன்றைக்கும் நாலாயிரத்து ஐந்நூறு.

"சேச்சி, நீங்க பாவப்பட்ட ஆளே இல்ல!"

விண்ணப்பம் தள்ளுபடி. தாயும் மகனும் அப்பீலுக்கு ஓடி ஆபீசர் லிஜி மேடம் முன்னால் நின்றார்கள்.

"மத்த கேமெல்லாம் ஆறு மாசத்தில பாதி விலைக்கு வருது. இது மட்டும் ஏன் இறங்கல?" என்று மாரீஸ்வரனை முறைத்தார் மேடம், அவன்தான் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பது போல.

"கம்பெனிக்காரன் எறக்கவே மாட்டான் மேடம். அது தெரிஞ்சதால யாரும் காத்துக் கெடக்கதில்ல, சொன்ன விலைக்கு வாங்கிருதாங்க. விளையாடிட்டு வித்தாலும் முக்காவாசி திரும்பக் கெடைக்குது. அதனால வாங்க ஆளு வந்துக்கிட்டே இருக்கு."

"அப்போ தங்கம் தன்னே!" என்றார் மேடம். பேனாவைத் திறந்தார். 'மேற்படி டப்பா தங்கத்துக்கு நிகரான நிலைத்த ஆஸ்தி என இதனால் சான்றளிக்கப்படுகிறது.' கீழே சீல் விழுந்தது.

"வித்துருதோம் மேடம்" என்றான் மாரீஸ்வரன்.

"முழு விலைக்கு வித்தா ரொக்கம். ரொக்கமும் ஆஸ்திதான்."

"யாருக்காச்சும் சும்மா குடுத்துட்டா?"

"ஆஸ்தியை மறைச்ச குற்றம்."

"ஒடச்சுப் போட்டுட்டா?"

"காலி டப்பாவுக்கே தனி விலை உண்டு" என்று போனைக் காட்டினார் பக்கத்தில் நின்ற ஜோமோன்.

கடைசியில் மேடத்துக்கே மனம் இளகியது. "குறைச்ச விலைக்கு வித்ததா ஒரு ரசீது கொண்டு வாங்க. அப்போ அது ரொக்கம் இல்ல, நஷ்டம். வீடு தரலாம்."

லயத்தில் செய்தி பரவியது. அன்று காலையில் ஆபீசைப் 'பைத்தியக்கார ஆபீஸ்' என்று திட்டிய பக்கத்து அறைக் கத்தரீனாள், சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு வந்து டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். கோடி அறைச் சங்கையாவின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், ஒரு பவுன் குறைந்தாலும் பரவாயில்லை, கேம் ஒன்று போட்டாக வேண்டும் என்றார்கள். சுருளியம்மாள் முதலில் சிரித்தாள். மறுநாள் டப்பாவை மஞ்சள் துணியில் சுற்றி முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சான்றிதழை லேமினேட் செய்தாள். வெட்கம்கெட்ட பெருமை ஒன்று அவளுக்குள் ஏறிக்கொண்டது; குறைத்து விற்று ரசீது வாங்கும் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் ஜோமோனே வந்தார்.

"சேச்சி, மகனுக்குப் பிறந்தநாள். கடையில் எங்கேயும் கிட்டல. ஐந்நூறு குறைச்சுத் தாங்க. ரசீது இப்பவே எழுதறேன். நாளைக்கு லிஸ்ட்ல உங்க பேரு வரும்."

ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு வீடு! மாரீஸ்வரன் அம்மாவின் கையைக் கிள்ளினான். அவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கவுருமென்டே எறங்காதுன்னு சீல் போட்டுக் குடுத்த பொருளு சார். நான் எறக்கினா லயத்துல நாலு பேரு என்ன சொல்லுவாக? ஒத்த ரூவா கொறையாது."

ஜோமோன் தொண்டை வற்றப் பேசிப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மாதக் கடைசியில் லயத்து அறை பூட்டப்பட்டது. பூப்பாறைப் பக்கம் ஒரு சொந்தக்காரரின் மாட்டுக் கொட்டகைச் சாய்ப்பில் ஒண்டிக்கொள்ள ஜீப் கிளம்பியது. மஞ்சள் துணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் சுருளியம்மாள் உட்கார்ந்திருக்க, லயமே வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தது.

"கொடுத்து வச்சவ" என்று பெருமூச்சு விட்டாள் கத்தரீனாள்.